பையில் லாங் அயர்னுக்கு இடம் உண்டா?

கோல்ஃப் ஆட்டத்தில் ஒருவர் தம் பையில் எடுத்துச் செல்லும் மட்டைகள் 14-க்கு மேற்படக் கூடாது என்பது விதி. 1930-களில் சில ஆட்டக்காரர்கள் இருபத்தைந்து மட்டைகளுக்கு மேலும் பையைச் சுமந்துவரும் உதவியாளரான ‘கேடி’யின் தோளில் ஏற்றிக்கொண்டு மைதானத்துக்கு வரத் தொடங்கி, ஒவ்வொரு அடிக்கும் ஒரு தனி மட்டை என்ற நிலை உண்டாகி, ஆட்டக்காரரின் சாமர்த்தியம் இருக்கவேண்டிய இடத்தைச் சாமான்கள் பிடித்துக்கொள்ளுமோ என்ற கவலை பெரியவர்களுக்கு ஏற்பட்டபோது, அமெரிக்க கோல்ஃப் சங்கம் 1938-லும், ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் உள்ள ஆர் அண்ட் ஏ கழகம் 1939-லும் இந்த வரம்பை விதித்தன. அன்று முதல் ஒரு மட்டையை உள்ளே வைக்க வேண்டுமானால் இன்னொன்றை வெளியே எடுத்தாக வேண்டும். ஆகவே பந்தைத் தொடுவதற்கு முன்பே, வீட்டில் பையை நிரப்பும்போதே, ஆட்டத்தின் முதல் தீர்மானம் நிகழ்ந்துவிடுகிறது.

அந்தத் தீர்மானங்களுள் இன்று மிகுந்த விவாதத்துக்கு உள்ளாவது, ‘லாங் அயர்ன்’ எனப்படும் மட்டைகளை இன்னும் சுமந்து செல்வது அவசியமா என்பதுதான். ஆட்டத்தைப் பார்த்துப் பழகாத வாசகர்களுக்காகச் சில விவரங்களை முதலில் சொல்லிவிட வேண்டும். நெடுந்தூரம் அடிப்பதற்கு டிரைவர் முதலிய ‘வுட்’ மட்டைகள், நடுத்தூரத்துக்கு எண்ணிட்ட ‘அயர்ன்’கள், குழிக்குச் சமீபத்திலிருந்து பந்தை உயரத் தூக்கிப் போடுவதற்கு ‘வெட்ஜ்’கள், மழமழப்பாக வெட்டிய ‘கிரீன்’ என்னும் புல்தரையில் பந்தை உருட்டிக் குழியில் சேர்ப்பதற்குப் ‘பட்டர்’. அயர்ன்களில் எண் குறையக் குறையத் தண்டு நீளும். முகத்தின் சாய்வு, அதாவது ‘லாஃப்ட்’, குறையும். ஒன்பதாம் எண் அயர்னின் முகம் நாற்பது டிகிரிக்கு மேல் பின்னோக்கிச் சாய்ந்து, பந்தைத் தானே மேலே தூக்கிவிடும். மூன்றாம் எண் அயர்னிலோ அந்தச் சாய்வு இருபது டிகிரியைச் சற்றே தாண்டியதாக இருக்கும். தண்டு ஏறக்குறைய 39 அங்குலம். ஒன்று, இரண்டு, மூன்று ஆகிய எண்களும், பலர் கணக்கில் நான்காம் எண்ணும் சேர்ந்ததே லாங் அயர்ன் வர்க்கம்.

இந்த இரும்புகளுக்கு நீண்ட பரம்பரை உண்டு. தோலுறைக்குள் இறகை அடைத்துச் செய்த பந்தைக் கொண்டு ஸ்காட்லாந்துக்காரர்கள் ஆடிவந்த காலத்தில், இரும்பு பட்டால் தோல் கிழிந்துபோகும் என்று அஞ்சி, வண்டித் தடத்திலோ மணற்பள்ளத்திலோ பந்து சிக்கிக்கொண்ட சமயங்களில் மட்டுமே இரும்பு மட்டையைக் கையில் எடுத்தார்கள். 1848-ஐ ஒட்டி, குட்டா பெர்ச்சா என்ற மரப்பாலை உருட்டிச் செய்த கெட்டிப் பந்து புழக்கத்துக்கு வந்தது. அதன்பின் கொல்லுலைகளில் அடித்துச் செய்த இரும்புத் தலைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பெருகின. எஃகுத் தண்டுகளை அமெரிக்கச் சங்கம் 1924-லும் ஆர் அண்ட் ஏ 1929-லும் அங்கீகரித்தபின், மாஷி, நிப்ளிக் என்ற பழம்பெயர்கள் மெல்ல மறைந்து, ஒரே அச்சில் வார்த்தாற்போன்ற எண்ணிட்ட வரிசைகள் கடைகளுக்கு வந்தன. அந்த வரிசையின் தலைப்பில் நின்றவை லாங் அயர்ன்கள். அவற்றை நேராக அடிக்கத் தெரிந்தவனே ஆட்டக்காரன் என்ற கௌரவமும் அவற்றோடு சேர்ந்தே வளர்ந்தது.

அந்தக் கௌரவத்துக்குச் சிகரம் வைத்தாற்போன்ற சம்பவம் 1950 ஜூன் மாதத்தில், அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகருக்கு அருகே உள்ள மெரியன் மைதானத்தில் நிகழ்ந்தது. 1949 பிப்ரவரியில் ஆட்டக்காரர் பென் ஹோகன் ஓட்டிச்சென்ற காரின்மீது எதிரே வந்த பஸ் மோதி, இடுப்பெலும்பும் காறையெலும்பும் கணுக்காலும் முறிந்து, இனி இவர் நடப்பதே துர்லபம் என்று பலர் எண்ணியிருந்தார்கள். பதினாறு மாதம் கழித்து அவர் கால்களில் கட்டுகளோடு அமெரிக்க ஓபன் போட்டிக்கு வந்தார். கடைசி நாளில் ஒரே பகலில் 36 குழிகளை ஆட வேண்டும். வலியினால் ஒவ்வோர் அடியும் எடுத்துவைப்பதே பிரயாசையாகிவிட்ட நிலையில், இறுதிக் குழியில் நான்கே அடிகளில் முடித்தால்தான் முன்னணியில் இருந்தவர்களோடு சமமாக நிற்கலாம் என்ற கட்டம் வந்தது. இரண்டாவது அடிக்கு, 200 கஜத்துக்கு மேற்பட்ட தூரத்திலிருந்து, ஹோகன் எடுத்தது ஒன்றாம் எண் அயர்ன். பந்து கிரீனில் போய் நின்றது. இரண்டு உருட்டல்களில் குழியில் சேர்ந்தது. மறுநாள் நடந்த தனிப்போட்டியில் லாயிட் மேங்ரம், ஜார்ஜ் ஃபேசியோ இருவரையும் அவர் வென்றார். அடித்து முடித்த நிலையில் பின்புறமிருந்து ஹை பெஸ்கின் எடுத்த புகைப்படம், கோல்ஃப் உலகில் வீட்டுக்கு வீடு தொங்கும் படங்களுள் ஒன்றாயிற்று.

இந்தக் கதையை லாங் அயர்னின் பெருமைக்குச் சான்றாகச் சொல்கிறவர்கள், அதிலுள்ள மிக முக்கியமான விஷயத்தைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். ஒன்றாம் எண் மட்டைக்கு இடம் செய்வதற்காக ஹோகன் அந்த வாரம் ஏழாம் எண் மட்டையைப் பையிலிருந்து நீக்கிவிட்டிருந்தார். காரணம் கேட்டபோது, மெரியன் மைதானத்தில் ஏழாம் எண்ணுக்கு வேலையே இல்லை என்பதுதான் அவருடைய பதில். ஏழாம் எண் என்பது எல்லோரும் கைவிடாமல் வைத்திருக்கும் மட்டை. கற்றுக்கொள்கிறவர் கையில் முதலில் கொடுப்பதும் அதுதான். அதையே அவர் எடுத்தெறிந்தாரென்றால், அவருக்கு எந்த மட்டையின்மீதும் அபிமானம் இல்லை, இந்த மைதானத்தில் என் கைக்கு எது பயன்படும் என்ற விசாரணை ஒன்றே இருந்தது என்று விளங்குகிறது. ஹோகனிடம் நாம் கற்கவேண்டியது அந்த விசாரணையைத்தான்.

அந்த மட்டையைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆட்டம் முடிந்த சற்று நேரத்துக்குள் அது களவுபோயிற்று. முப்பது ஆண்டுகளுக்குப் பின் 1980-களில் கிடைத்து, ஹோகனே அடையாளம் காட்டியபின், அமெரிக்க கோல்ஃப் சங்கத்தின் காட்சிசாலைக்குச் சென்றது. அதன் முகத்தில் பந்து பட்டுப் பட்டுத் தேய்ந்த தடம் ஒரு சிறு நாணயத்தின் அளவே இருக்கிறது. எண்ணிலடங்காத முறை அடித்தும் அந்த வட்டத்துக்கு வெளியே தடமில்லை. அவருடைய அப்பியாசத்தின் பெருமையைப் போலவே, அந்த மட்டை ஆட்டக்காரரிடம் எவ்வளவு கண்டிப்பாக இருந்தது என்பதையும் அந்தத் தடம் காட்டுகிறது. தகடுபோன்ற மெல்லிய எஃகுத் தலையில் பந்து சரியாகப் படவேண்டிய இடம் அவ்வளவுதான். ஓர் அரை அங்குலம் தள்ளிப் பட்டால், பந்து தூரத்தையும் திசையையும் ஒருங்கே இழக்கும். கையில் ஏறும் அதிர்வு முழங்கை வரை வலிக்கும்.

லாங் அயர்ன் ஏன் இத்தனை கடினம் என்பதற்குக் காரணம் இயற்கை விதியில் இருக்கிறது. கோல்ஃப் பந்து வானில் நிற்பது பின்னோக்கிச் சுழல்வதனால். அந்தச் சுழற்சி, பந்தின் மேற்பரப்பிலுள்ள குழிகளின் துணையோடு, மேலே ஓடும் காற்றுக்கும் கீழே ஓடும் காற்றுக்கும் வேற்றுமை உண்டாக்கிப் பந்தை உயர்த்துகிறது. முகத்தின் சாய்வு அதிகமானால் சுழற்சி தானாகவே பெருகும். சாய்வு குறைந்தால் அந்தக் குறையை வேகத்தினால் நிரப்ப வேண்டும். தொழில்முறை ஆட்டக்காரர் ஒருவர் ஏழாம் எண்ணால் அடிக்கும் பந்து நிமிஷத்துக்குச் சுமார் 7,000 முறை சுழல்கிறதென்றால், மூன்றாம் எண்ணால் அடிக்கும் பந்து அதில் மூன்றில் இரண்டு பங்கு அளவே சுழல்கிறது. ஆயினும் அவர் மட்டையை வீசும் வேகம் மணிக்கு நூறு மைலை ஒட்டியிருப்பதனால், இரண்டு பந்துகளும் ஏறக்குறைய ஒரே உயரத்துக்குப் போகின்றன. வாரக் கடைசியில் மட்டும் ஆடும் நம்மைப் போன்றவர்களில் பலர் டிரைவரைக்கூட அவ்வளவு வேகமாக வீசுவதில்லை. அவர்கள் மூன்றாம் எண்ணை எடுக்கும்போது, பந்து தாழப் பறந்து, தூரத்தை எட்டுமுன்பே தரையில் இறங்கி, தட்டையான கோணத்தில் கிரீனைத் தொட்டு, நில்லாமல் அப்பால் ஓடிவிடுகிறது. பின்சுழற்சி குறைந்த பந்தில் முகத்தின் சிறு கோணலும் பக்கவாட்டு வளைவாகப் பெரிதாகிவிடும் என்பது இதனோடு சேரும் மற்றொரு சங்கடம்.

இந்தக் கஷ்டத்துக்குப் பரிகாரம் தேடியவர்களுள் முன்னோடியாகச் சொல்லத்தக்கவர், நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த என்ஜினீயர் கார்ஸ்டன் சோல்ஹைம். தலையின் நடுவில் குவிந்திருந்த எடையை ஓரங்களுக்குப் பிரித்துவிட்டால், பந்து சற்றுத் தள்ளிப் பட்டாலும் தலை கையில் திரும்பாது என்ற தத்துவத்தின்மேல் அவர் நிறுவிய பிங் கம்பெனி, கொல்லுலையில் அடித்துச் செய்வதை விட்டு மெழுகு வார்ப்பு முறையில் அயர்ன்களைச் செய்தது. அதற்கு அடுத்த பெரும் படி ‘ஹைப்ரிட்’. வுட்டின் உடலும் அயர்னின் நீளமும் கலந்த இந்த மட்டை, 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பரவலாகப் பழக்கத்துக்கு வந்தது. ஒரு மூன்றாம் எண் அயர்னையும் ஒரு ஹைப்ரிட்டையும் பக்கத்தில் பக்கத்தில் தரையில் வைத்து மேலிருந்து பார்த்தால் வித்தியாசம் உடனே புலப்படும். அயர்னில் கண்ணுக்குத் தெரிவது ஒரு விரல் அகலமும் இல்லாத மேல்விளிம்பு. ஹைப்ரிட்டில் முகத்துக்குப் பின்னே இரண்டு அங்குலத்தை ஒட்டிய உடல் திரண்டு நிற்கும். உள்ளே குடைவாக இருப்பதால் எடை முழுவதும் அடியிலும் பின்னாலும் தங்குகிறது. எடையின் மையம் பந்தின் மையத்துக்குக் கீழே போகப் போகப் பந்து எளிதாக மேலெழும். நீண்ட புல்லில், அயர்னின் கழுத்தைப் புல் பற்றிக்கொண்டு முகத்தைத் திருப்பிவிடுகிறது. ஹைப்ரிட்டின் அகன்ற அடிப்பாகமோ புல்லை விலக்கிக்கொண்டு வழுக்கிச் செல்கிறது.

இது பலவீனருக்கான ஊன்றுகோல் என்று சொல்லுவோர் உண்டு. நிகழ்ந்தவை அந்த அபிப்பிராயத்துக்கு இடம்கொடுக்கவில்லை. 2004-இல் ஸ்காட்லாந்தின் ராயல் ட்ரூன் மைதானத்தில் நடந்த ஓபன் போட்டியில், எர்னி எல்ஸை எதிர்த்து நான்கு குழித் தனிப்போட்டியில் வென்ற டாட் ஹாமில்டன், கிரீனின் ஓரத்திலிருந்து பந்தை உருட்டுவதற்குக்கூட ஹைப்ரிட்டையே பிரயோகித்தார். 2009-இல் ஹேசல்டைன் மைதானத்தில், தென்கொரியாவின் யாங், கடைசிக் குழியில் 200 கஜத்துக்கு அப்பாலிருந்து மூன்றாம் எண் ஹைப்ரிட்டினால் அடித்த பந்து கொடிக்கு அருகே சென்று நின்றது. பெரும் போட்டிகளில் மூன்றாம் நாள் இரவு முன்னணியில் இருந்துவிட்டால் தோற்றதே இல்லை என்ற டைகர் உட்ஸின் கீர்த்தி அன்று முறிந்தது. ஆசியாவில் பிறந்த ஆண் ஒருவர் பெரும் போட்டி வென்றதும் அதுவே முதல் முறை. பெண்களின் தொழில்முறை ஆட்டத்தில், ஐந்தாம் அல்லது ஆறாம் எண்ணைவிட நீளமான அயர்னே வைத்துக்கொள்ளாமல் ஹைப்ரிட்களையும் ஏழாம் எண் வுட்டையும் நம்புகிறவர்கள் பலர். நெடுந்தூரம் அடிக்கும் வரிசையில் சேராத நம் நாட்டு அதிதி அசோக், டோக்கியோ ஒலிம்பிக்கில் ஒரே ஓர் அடி வித்தியாசத்தில் பதக்கத்தை இழந்து நான்காம் இடம் பெற்றதை இந்தச் சந்தர்ப்பத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. தூரத்தைக் கொண்டு மட்டும் ஆட்டக்காரரை அளக்கக் கூடாது என்பதற்கு அதைவிடச் சிறந்த அத்தாட்சி வேண்டுமா?

அப்படியானால் லாங் அயர்னின் காலம் அடியோடு முடிந்துவிட்டதா? இல்லை. பிரிட்டனின் கடற்கரை மைதானங்களில், மணலின்மேல் முளைத்த குட்டைப் புல் கோடையில் காய்ந்து தரை கெட்டிப்பட்டுக் கிடக்க, கடற்காற்று ஓயாமல் வீசும்போது, உயரப் பறக்கும் பந்து காற்றின் வசமாகிவிடும். தாழப் பறந்து, விழுந்தபின் ஓடும் பந்துக்கே அங்கே மரியாதை. 2006-இல் ஹாய்லேக் மைதானம் வெயிலில் வெந்து பழுப்பேறிக் கிடந்தபோது, டைகர் உட்ஸ் நான்கு நாள் ஆட்டத்தில் டிரைவரை ஒரே ஒரு முறைதான் எடுத்தார். மற்றக் குழிகளில் பெரும்பாலும் இரண்டாம் எண் அயர்னால் தாழ அடித்து, மணற்பள்ளங்களுக்கு இப்பாலே பந்தை நிறுத்தி, அடுத்த அடி நீளமாக இருந்தாலும் பாதகமில்லை என்று துணிந்து, அந்த ஓபன் போட்டியை வென்றார். அவ்வளவு நிதானமும் அடக்கமும் நிறைந்த ஆட்டத்தை விரும்பிப் பார்த்தவர்களுக்கு, லாங் அயர்னின் அழகு என்னவென்று சொல்லித் தெரியவேண்டியதில்லை. இன்று உள்ளே குடைவாகச் செய்த ‘டிரைவிங் அயர்ன்’கள் அந்த வேலையைச் சற்று எளிதாக்கித் தருகின்றன. வேகமாக வீசும் வலிமையும், ஹைப்ரிட்டை எடுத்தால் பந்து இடப்புறம் வளைந்துவிடும் பழக்கமும், காற்றடிக்கும் மைதானமும் ஒருவருக்கு ஒருங்கே வாய்த்திருந்தால், அவர் பையில் லாங் அயர்ன் இருப்பது முற்றிலும் நியாயம்.

மற்றவர்கள் தீர்மானிப்பதற்கு முன், மட்டையின் அடியில் பொறித்த எண்ணை நம்பக் கூடாது என்பதை அறிந்துகொள்ள வேண்டும். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் ஏழாம் எண்ணின் சாய்வு 36 டிகிரியை ஒட்டியிருந்தது. இன்று சாதாரண ஆட்டக்காரர்களுக்காக விற்கும் பல வரிசைகளில் அது 30 டிகிரிக்கும் கீழே இறங்கிவிட்டது. அதே கணக்கில், இன்றைய ஐந்தாம் எண்ணின் சாய்வு பழைய மூன்றாம் எண்ணின் சாய்வாகவே இருக்கிறது. ஆகையால், மூன்றையும் நான்கையும் நீக்கிவிட்டேன், இனி என்னிடம் லாங் அயர்னே இல்லை என்று ஒருவர் நிம்மதியடைந்தால், அது வேறு எண்ணுடன் அவர் பையிலேயே இருக்கக்கூடும். கம்பெனியின் அட்டவணையைப் பார்த்து, ஒவ்வொரு மட்டையின் சாய்வு இத்தனை டிகிரி என்று குறித்துவைத்துக்கொள்வதே முதல் வேலை.

இரண்டாவது வேலை பரீட்சை. பயிற்சி மைதானத்தில், பந்தை மரக்குச்சியின்மேல் உயர்த்தி வைக்காமல் புல்லிலேயே வைத்து, ஆறு, ஐந்து, நான்கு ஆகிய மூன்று எண்களாலும் பத்துப் பத்துப் பந்துகள் அடித்துப் பார்க்க வேண்டும். அவற்றுள் நன்றாகப் போன ஒன்றிரண்டை நினைவில் வைத்துக்கொண்டு மற்றவற்றை மறந்துவிடுவது மனித சுபாவம். அதற்கு இடம் கொடாமல், பத்தும் எங்கே விழுந்தன என்று குறிக்க வேண்டும். உருண்டோடிய தூரத்தைச் சேர்க்காமல், தரையைத் தொட்ட இடத்தையே கணக்கிட வேண்டும். ஒவ்வோர் எண்ணுக்கும் இடையே பத்துக் கஜத்துக்குக் குறையாத இடைவெளி இருந்தால், அந்த மட்டைகள் தத்தம் இடத்தைச் சம்பாதித்துக்கொண்டன என்று அர்த்தம். பெரும்பாலோருக்கு நிகழ்வது வேறு. ஆறுக்கும் ஐந்துக்கும் வேற்றுமை சிறிதாகவும், ஐந்துக்கும் நான்குக்கும் இல்லாமலே போகவும், நான்கு சில சமயம் ஐந்தைவிடக் குறைந்தே விழவும் காண்போம். வேகம் போதாத கைக்குச் சாய்வு குறைந்த மட்டை அதிகத் தூரம் தருவதில்லை. இருக்கும் தூரத்தையும் அது பறித்துக்கொள்கிறது. இடைவெளி எந்த எண்ணில் மறைகிறதோ, அந்த எண் அயர்னும் அதைவிட நீளமான அயர்ன்கள் அனைத்தும் அவருக்கு வெறும் பாரமே. அவற்றுக்குப் பதில் வாங்கும் ஹைப்ரிட்டையோ ஏழாம் எண் வுட்டையோ எண்ணைப் பார்த்து வாங்காமல், விட்டுப்போன தூரத்தை நிரப்புகிறதா, பந்து கிரீனில் இறங்கி நிற்கிறதா என்று அடித்துப் பார்த்தே வாங்க வேண்டும்.

இவ்வாறு பையில் ஓரிடம் மிச்சமானால் அது போக வேண்டிய திசை கீழ்ப்பக்கம். சாய்வுகளைக் குறைத்துக்கொண்டே வந்த கம்பெனிகள் ‘பிட்சிங் வெட்ஜ்’ என்னும் மட்டையையும் 45 டிகிரிக்குக் கீழே கொண்டுவந்துவிட்டன. மணற்பள்ளத்திலிருந்து பந்தை எடுக்கும் ‘சாண்ட் வெட்ஜ்’ இன்னும் 54, 56 டிகிரியிலேயே நிற்கிறது. நடுவே பத்து டிகிரிக்கு மேல் வெற்றிடம். ஏறக்குறைய எண்பதிலிருந்து நூறு கஜத்துக்குள் ஆட்டக்காரர் அரைகுறை வேகத்தில் தடுமாறும் இடமும் அதுவே. லாங் அயர்னை ஓர் ஆட்டத்தில் இரண்டு மூன்று முறை எடுப்போமானால், இந்தத் தூரத்தில் அதைவிடப் பல முறை நிற்கிறோம். 50 டிகிரியை ஒட்டிய ஒரு வெட்ஜ் அந்த இடத்தை நிரப்புமானால், அவர் இழந்தது எதுவுமில்லை, பெற்றது மிகுதி.

லாங் அயர்னைக் கையாளும் கலையை நான் மனமாரப் போற்றுகிறேன். 1972-இல் பெப்பிள் பீச் மைதானத்தின் பதினேழாம் குழியில், எதிர்க்காற்றைக் கிழித்துக்கொண்டு ஜாக் நிக்லஸ் ஒன்றாம் எண்ணால் அடித்த பந்து கொடிக்கம்பத்தில் பட்டுக் குழியருகே நின்றதை எண்ணும்போதெல்லாம் மனம் உவகை கொள்கிறது. ஆனால் ஒரு கலையைப் போற்றுவது வேறு. அந்தக் கலைக்குரிய கருவி தன்னிடம் இருப்பதனாலேயே கலையும் தன்னிடம் இருப்பதாக நினைத்துக்கொள்வது வேறு. ஹோகன் ஏழாம் எண்ணை நீக்கினார். நம்மில் பலர் நீக்க வேண்டியது மூன்றும் நான்கும், சிலருக்கு ஐந்தும்கூட. அவர் கணக்கும் நம் கணக்கும் விடையில் மாறுபடலாம்; கணக்குப் போடும் முறை ஒன்றே. மைதானம் என்ன கேட்கிறது, என் கை எதைக் கொடுக்கும் என்ற இரண்டு கேள்விகளுக்கும் உண்மையான பதிலைச் சொல்லி, அந்தப் பதிலின்படி 14 மட்டைகளைத் தேர்ந்தெடுக்கிறவர், எண்கள் எவையாயினும், விவேகமுள்ள ஆட்டக்காரர். அந்தப் பரீட்சைக்கு ஒரு காலைப்பொழுது போதும். அடுத்த ஆட்டத்துக்கு முன்பே அதைச் செய்து பார்த்துவிடுவது நல்லது.